பள்ளிகொண்டா டோலுக்கு முன்னாடி ஏழு கிலோமீட்டர்

மே மாசம் ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டரை மணிக்கு வேலூர் பக்கம் ரோட்ல யாரு போவா. அக்னி நட்சத்திரத்துல எங்க ஊர்ல நாயே கால் வைக்காது, காக்கா கூட புளியமரத்த விட்டு எறங்காது. அந்த நேரத்துல பெங்களூர்ல இருந்து ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரு ஒண்ண ஓட்டிகினு வந்தேன், பக்கத்துல மச்சான். கார் கம்பெனி பேர சொல்லமாட்டேன், ஏன்னா தப்பு அவங்களோடது இல்ல, முழுக்க என்னோடது, அதை சொல்றதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

செகண்ட் ஹேண்டா வாங்குன ஜெர்மன் வண்டி. ஆறு சிலிண்டர் ஒரே வரிசைல, அலுமினியம் பிளாக் (சிலிண்டருங்க இருக்கற கீழ் பாகம்), அலுமினியம் ஹெட் (அதுங்கள மேல மூடற பாகம்), தண்ணிய சுத்த விடற வாட்டர் பம்ப் கூட பெல்ட்ல ஓடாது, கரண்ட்ல ஓடறது. சின்ன வயசுல சுவத்துல போஸ்டர் ஒட்டி வெச்சிருந்த மாதிரி வண்டி, நாப்பது வயசுல கைக்கு வந்துச்சு. வீட்ல அப்பா (ராணிப்பேட்டை பெல்ல இருந்து ரிட்டயர் ஆனவரு) ஒரே ஒரு தடவ சுத்திப் பாத்துட்டு "ரெண்டு பேரு தான் போவ முடியும், இதுக்கு இவ்ளோ காசா"ன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டாரு.

இதெல்லாம் ஆரம்பிச்சது ரெண்டு வாரம் முன்னாடியே. காலைல ஸ்டார்ட் பண்ணும்போது மஞ்சக் கலர்ல கூலன்ட் (இன்ஜின ஆற வெக்கற தண்ணி) கம்மின்னு ஒரு லைட் வந்துச்சு. மூடிய தொறந்து பாத்தேன், கொஞ்சம் எறங்கி இருந்துச்சு, வீட்ல இருந்த கேன் தண்ணிய அரை லிட்டர் ஊத்தினேன், லைட் போயிடுச்சு, நானும் போயிட்டேன். போர் தண்ணிய ஊத்தலேன்னு அப்ப எனக்கு பெருமை வேற. நம்ம பாலாத்து கரைல போர் தண்ணி எந்த லட்சணம்னு வெளியூர் ஆளுங்களுக்கு தெரியாது, தோல் பதனிடற கழிவு கலக்குறத பத்தி 1996-லயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்ற அளவுக்கு போன விஷயம், அதை ரேடியேட்டர்ல ஊத்துனா உள்ள உப்பு படிஞ்சி அடைச்சிக்கும். சரி, ஆனா கேள்வி எந்த தண்ணிய ஊத்தினேன்றது இல்லையே. மூடி போட்டு முழுசா அடைச்சு வெச்சிருக்கற ஒரு அமைப்புல அரை லிட்டர் எங்க போச்சுன்னு தான் கேட்டிருக்கணும். கேக்கல.

ஆம்பூர்ல பிரியாணிக்கு நிறுத்தினோம். சீரக சம்பா, கத்திரிக்கா கொத்சு, முட்ட ஒண்ணு எக்ஸ்ட்ரா. வெளிய வந்தா வண்டிக்கு அடில ஒரு கையகலம் ஈரம். ஏசி தண்ணின்னு நெனச்சேன். ஒரு மாதிரி தித்திப்பா வாசன வந்துச்சு, மச்சான் கூட "இன்னாடா இது, பாகு காச்சற மாதிரி"ன்னான், ஓட்டல் வாசல்ல நின்னுகினு தித்திப்பு வாசனைய யாரு சந்தேகப்படுவா. கூலன்ட்ல இருக்கற கிளைக்கால் சூடானா அப்படித்தான் மணக்கும்னு இப்ப தெரியுது.

மாதனூர் தாண்டினதும் சேப்பு லைட்.

இங்க தான் என் கதையே. லைட்டு எரிஞ்சிது, கூடவே ஏசி நின்னு போச்சு (இன்ஜின் சூடாச்சுன்னா வண்டியே ஏசிய கட் பண்ணிடும், சுமைய குறைக்க). டெம்பரேச்சர் முள்ளு சேப்ப தொட்டுகினு இருந்துச்சு. ரோட்டோரமா பாத்தேன், ஒரு மரம் கிடையாது. பள்ளிகொண்டா டோல் பக்கம் தான, அங்க நிழல் இருக்கும், கடை இருக்கும், ஆள் இருக்கும், மெதுவா போயிடலாம்னு மனசு சொல்லுது. மச்சான் போன்ல பாத்துட்டு "ஹீட்டர ஃபுல்லா போடு, இன்ஜின் சூட்ட அது இழுத்துக்கும்"னு சொன்னான். சரியான ஐடியா தான் அது, ஹீட்டர்ன்றது ஒரு குட்டி ரேடியேட்டர், இன்ஜின்ல இருக்கற சூட்ட கேபினுக்குள்ள தள்ளும். நாப்பது டிகிரி வெயில்ல கண்ணாடிய இறக்கி வுட்டு ஹீட்டர ஃபுல்லா திருப்புனேன்.

ஜில்லுனு காத்து வந்துச்சு. ஜில்லுனா ஐஸ் இல்ல, வெளிக்காத்து அளவுக்கு. நான் முட்டாள், சந்தோஷப்பட்டேன். அதுக்கப்புறம் முள்ளு வேற கொஞ்சம் கொஞ்சமா இறங்க ஆரம்பிச்சுது. "பாத்தியா, குறையுது"ன்னு மச்சான் கிட்ட சொல்லிகினே ஓட்டினேன்.

இப்ப யோசிச்சா வயித்த கலக்குது. இன்ஜின் கொதிக்கறப்ப ஹீட்டர்ல சூடு வரலன்னா என்ன அர்த்தம், ஹீட்டருக்கு போக தண்ணியே இல்லன்னு அர்த்தம். முள்ளு இறங்குனதும் அதே காரணம் தான், டெம்பரேச்சர் சென்சார் தண்ணில முங்கி இருந்தா தான் சரியா காட்டும், தண்ணி போயிடுச்சுன்னா அது வெறும் ஆவில தொங்கிகினு இருக்கும், அது பாட்டுக்கு ஏதோ ஒண்ண காட்டும். இன்ஜின் அதோட வாழ்க்கைலயே அதிகமா சூடா இருந்த நேரத்துல நான் முள்ள பாத்து நிம்மதியா இருந்தேன்.

டோலுக்கு கொஞ்சம் முன்னாடி இழுவை செத்துப் போச்சு, ஆக்ஸிலேட்டர் மிதிச்சா பதில் இல்ல, ஒரு குலுக்கு குலுக்கிட்டு நின்னுடுச்சு. பானெட்டு ஓரமெல்லாம் ஆவி. பெருமாள் பள்ளிகொண்ட ஊருங்க அது, உத்திர ரங்கநாதர் காலங்காலமா அங்க படுத்துகினு இருக்காரு, அவருக்கு துணையா என் வண்டியும் படுத்துடுச்சு.

நின்ன ரெண்டாவது நிமிஷம் கூட்டம். ஆளாளுக்கு வைத்தியம். இளநி விக்கறவரு ஒரு குடம் தண்ணியோட வந்து "இன்னா சார், ஊத்திடட்டா"ன்னு இன்ஜின் மேல சாய்க்கப் போனாரு. அவர தடுத்தது ஒரு லாரி கிளீனர் பையன், இருவது வயசு இருக்கும், "யோவ், வெடிச்சிடும்யா, வுடு, மூடியயும் தொடாதீங்கண்ணா, மூஞ்சி போயிடும்"னான். அந்தப் பையன் சொன்னதுல முழு பிசிக்ஸ் கீது. பாதி தண்ணி பாதி கிளைக்கால் கலந்தா சாதாரணமா 107 டிகிரி கிட்ட கொதிக்கும், ஆனா மூடி போட்டு பிரஷர்ல வெச்சிருக்கறதால 125-ஐ தாண்டியும் கொதிக்காம நிக்கும், வீட்டு குக்கர் கணக்கு தான். மூடிய தொறந்தா பிரஷர் போன அடுத்த செகண்டு எல்லாம் ஒரே நேரத்துல ஆவியாகி மேல வரும். சூடான அலுமினியத்து மேல பச்சத்தண்ணி ஊத்துனா ஒரு பக்கம் மட்டும் சட்டுனு சுருங்கி விரிசல் விடும். நாங்க ஒண்ணும் பண்ணாம இளநி குடிச்சிகினு உக்காந்தோம். அன்னைக்கு நான் செஞ்ச ஒரே நல்ல காரியம் அந்த சும்மா உக்காந்தது தான், அதுவும் இன்னொருத்தன் சொல்லி.

ஒரு மணி நேரம் கழிச்சு ஆசை வந்துச்சு. ஆறிடுச்சே, ஒரே ஒரு தடவ செல்ஃப் அடிச்சு பாக்கலாமான்னு. கை சாவி வரைக்கும் போச்சு. போகாததுக்கு காரணம் அறிவு இல்ல, பயம், ஸ்டார்ட் ஆகலன்னா இன்னா பண்றதுன்னு. அந்த பயம் தான் காப்பாத்துச்சுனு பின்னாடி தெரிஞ்சிது, ஏன்னா ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல கசியாம அடைக்கற தகடு) போயி சிலிண்டருக்குள்ள தண்ணி எறங்கி இருந்தா, தண்ணிய அமுக்க முடியாது பாருங்க, பிஸ்டன் மேல வந்து முட்டி கனெக்டிங் ராடு வளைஞ்சிடும்.

ஃப்ளாட்பெட் வண்டி வர சாயங்காலம் ஆச்சு. அதுக்குள்ள போன்ல தீர்ப்புங்க வந்துடுச்சு. சென்னைல ஒரு பெரிய சர்வீஸ் சென்டர், வண்டிய பாக்காமலே "சார், சீஸ் ஆயிருக்கும், இன்ஜின் அசெம்ப்ளி மாத்த வேண்டி வரும்"னு ஒரு தொகை சொன்னாங்க, வாங்குன விலைல முக்காவாசி. நண்பன் ஒருத்தன் "ஒண்ணும் ஆயிருக்காது, கூலன்ட் ஊத்தி ஓட்டு"ன்னான். இன்சூரன்ஸ்ல கேட்டா மெக்கானிக்கல் பிரேக்டவுன் பாலிசில வராதுன்னு மரியாதையா சொல்லிட்டாங்க. வண்டியோட பானெட்ட கூட யாரும் தூக்கல, அதுக்குள்ள ஒருத்தருக்கு அது பொணம், இன்னொருத்தருக்கு அது லேசா ஜலதோஷம்.

சத்துவாச்சாரி பக்கம் ஒரு பாய் பட்டறை. கல்ஃப்ல பதினஞ்சு வருஷம் ஜெர்மன் வண்டிங்களையே பாத்துட்டு வந்தவரு. வண்டிய எறக்குனதும் ஒரே கேள்வி தான் கேட்டாரு.

"லைட்டு எரிஞ்ச பின்னாடி எவ்ளோ தூரம் ஓட்டுன தம்பி?"

"உடனே நிறுத்திட்டேன் பாய்."

ஏன் சொன்னேன்னு இப்பவும் தெரியல. டாக்டர் "சிகரெட் உண்டா"ன்னு கேட்டா "எப்பவாச்சும்"னு சொல்றோமே, அந்த மாதிரி வாய்ல வந்துடுச்சு. மச்சான் என்னய பாத்தான், ஒண்ணும் சொல்லல, மச்சான்னா மச்சான். வீட்டுக்கு வந்து பொண்டாட்டி கேட்டப்பவும் அதே பதில், இந்த தடவ இன்னும் சுலபமா வந்துச்சு.

மறுநாள் காலைல போறேன், பாய் லேப்டாப்ப வண்டில சொருகி வெச்சிருக்காரு. திரைய என் பக்கம் திருப்புனாரு. அந்த வண்டி ஒவ்வொரு பழுதயும் பதிவு பண்றப்ப அப்ப எத்தன கிலோமீட்டர் ஓடியிருந்துச்சுன்னும் சேத்து எழுதி வெச்சிக்கும். கூலன்ட் ஓவர்ஹீட், 52,316. மீட்டர்ல இப்ப இருக்கறது 52,323.

"இந்த ஏழு கிலோமீட்டர் யாரு ஓட்டுனது தம்பி, ஜின்னா?"

எனக்கு மூஞ்சிய எங்க வெச்சிக்கறதுன்னு தெரியல. பாய் கோவிச்சுக்கல, அது தான் இன்னும் கஷ்டம். "நீ பொய் சொன்னா எனக்கு ஒண்ணும் நஷ்டம் இல்ல. உடனே நிறுத்துனேன்னு சொன்னா நான் ஹெட்ட மட்டும் பாத்துட்டு மூடிடுவேன். ஏழுன்னா பிஸ்டன சுத்தி இருக்கற ரிங்கு பாக்கணும், அலுமினியம் வெந்துடுச்சான்னு பாக்கணும். அது வேற வேல"ன்னாரு. அலுமினியம் வெந்துடுச்சான்றது என்னனு எனக்கு அப்ப புரியல.

அதுக்கப்புறம் அவர் பண்ண ஒவ்வொண்ணும் பக்கத்துல நின்னு பாத்தேன், லீவு போட்டு. முதல்ல செல்ஃப் அடிக்கல, ஆயில் ஸ்டிக்க உருவி பாத்தாரு. தண்ணி கலந்திருந்தா ஆயில் டீ மாதிரி வெளுத்து இருக்கும், கலக்கல. அப்புறம் ஆறு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டி வரிசையா துணி மேல வெச்சாரு. அஞ்சு பிளக்கு பழுப்பா இருக்கு, நாலாவது மட்டும் பளிச்சுனு, புதுசு மாதிரி. நான் நல்ல பிளக்குனு நெனச்சேன். "அது தான் பேஷண்டு"ன்னாரு. சிலிண்டர்குள்ள எறங்குன கூலன்ட் ஆவியா மாறி கரிய எல்லாம் கழுவிட்டு போயிருக்கு. அப்புறம் பெரிய ஸ்பேனர் போட்டு கிராங்க்க (பிஸ்டனுங்கள ஏத்தி எறக்கற தண்டு) கையாலயே சுத்துனாரு, ஒரு சுத்து, ரெண்டு சுத்து, எங்கயும் புடிக்கல. சீஸ் ஆகலன்னு அந்த நிமிஷத்துல தெரிஞ்சிது, சென்னைல சொன்ன தீர்ப்பு அதோட போச்சு.

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள காத்து எவ்ளோ அழுத்தத்துல அமுங்குதுன்னு) பாத்தப்ப நாலு சிலிண்டர் 165, 170 பிஎஸ்ஐனு ஒழுங்கா வந்துச்சு, நாலாவதும் அஞ்சாவதும் 120-ஐ தாண்டல. பக்கத்து பக்கத்து சிலிண்டர் ரெண்டு சேந்து கம்மியா இருந்தா நடுவுல இருக்கற சுவத்துல கேஸ்கட் போயிடுச்சுன்னு கிட்டத்தட்ட முடிவே பண்ணிடலாமாம். இருந்தாலும் நாலாவதுல கம்ப்ரஸர் காத்த ஏத்துனாரு. அஞ்சாவது பிளக் ஓட்டைல புஸ்ஸுனு சத்தம், கூலன்ட் டப்பாவுல குமிழி குமிழியா வருது. "ரெண்டு சாட்சி ஆச்சு, தொறந்துடலாம்"னாரு.

காரணம் எது தெரியுமா, பின்பக்கம் ஓஸ் ஒண்ணு சேர்ற எடத்துல கட்ட விரல் சைஸ் பிளாஸ்டிக் மூட்டு. வருஷக்கணக்கா சூடாகி ஆறி சூடாகி ஆறி முறுக்கு மாதிரி ஆயிருந்துச்சு, கைல எடுத்ததும் நொறுங்கிப் போச்சு. சில நூறு ரூபா சாமான். மஞ்ச லைட்டு வந்த அன்னைக்கு ஆரம்பிச்ச விரிசல் அதுல தான். நான் அதுக்கு கேன் தண்ணி ஊத்தி வளத்திருக்கேன்.

ஹெட்ட கழட்டி கவுத்து வெச்சதும், நேரா இருக்கற ஒரு தடி இரும்பு பட்டைய குறுக்க வெச்சு அடில ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிசு தகடு) விட்டாரு. ஓரத்துல எதுவும் நுழையல. நடுவுல 0.10 மில்லிமீட்டர் போச்சு, 0.12 போச்சு, 0.15 போகல. அதாவது ரெண்டு தலமுடி தடிமன் கூட இல்ல. இதுக்கா இவ்ளோ கூத்துன்னு கேட்டேன். அலுமினியம் சூட்டுல இரும்ப விட ரெண்டு மடங்கு விரியும், ஹெட்டோட நடு எடம் தான் அதிகமா சூடாகும், ஆனா விரியறதுக்கு எடம் இல்ல, சுத்தியும் போல்ட்டு போட்டு இறுக்கி வெச்சிருக்கோம், அதனால தனக்குள்ளயே நசுங்கிக்கும், ஆறுனதும் சுருங்குறப்ப பழைய எடத்துக்கு வராம வில்லு மாதிரி நிக்கும். ஆறு சிலிண்டர் வரிசையா இருக்கற ஹெட்டு நீளம் ஜாஸ்தி, அதனால வளையறதும் ஜாஸ்தி. எரியற கேஸ் தப்பிச்சு போக அந்த 0.12 தாராளம்.

எல்லாரும் "ஹெட்ட ஃபேஸ் அடிச்சா சரியாயிடும்"னு சொல்வாங்க, அதாவது அடிப்பக்கத்த அரைச்சு சமமாக்கறது. எங்க ஊர்ல லாரி ஹெட்டு ஃபேஸ் அடிக்கற லேத் பட்டறைக்கு பஞ்சமே இல்ல. பாய் அதுக்கு முன்னாடி கேம் ஷாஃப்ட்ட (வால்வுங்கள தொறக்கற தண்டு) மட்டும் அதோட எடத்துல வெச்சு மூடிங்கள இறுக்கி விரலால சுத்தி பாத்தாரு. ஏன்னா ஹெட்டு வளையறப்ப கீழ் பக்கம் மட்டும் வளையாது, மேல கேம் உக்கார்ற வரிசையும் சேந்து வளையும், கீழ அரைச்சு சமமாக்கிட்டா கீழ தான் சமம், மேல வளைஞ்சது வளைஞ்சது தான், கொஞ்ச நாள்ல கேம் கடிச்சு உடஞ்சிடும். நல்ல வேள, கேம் வழுக்கிகினு சுத்துச்சு. இந்த ஒரு விஷயத்த பாக்காம எத்தன ஹெட்ட எத்தன பட்டறைல அரைச்சு மாட்டி இருப்பாங்கன்னு நெனச்சா பாவமா இருக்கு.

வெந்துடுச்சான்ற கேள்விக்கு ஹெட்ட சென்னைக்கு அனுப்புனோம். அலுமினிய ஹெட்ட செய்யறப்பவே அதுக்கு சூடு குடுத்து ஒரு உறுதிய ஏத்தி வெச்சிருப்பாங்க, ரொம்ப சூடாயிட்டா அந்த உறுதி எறங்கிடும், அளவு எல்லாம் சரியா இருக்கும் ஆனா உள்ள மெத்துனு ஆயிருக்கும், போல்ட்டு இறுக்குனா அமுங்கும். ஒரு சின்ன குண்ட அழுத்தி அது விட்ட குழியோட அகலத்த அளந்து சொல்வாங்க. கூடவே விரிசல் இருக்கான்னு பிரஷர் டெஸ்ட்டும். அந்த நாலு நாள் நான் பட்ட பாடு இருக்கே, வீட்ல யாருக்காவது சிஎம்சில பயாப்ஸி குடுத்துட்டு காத்திருக்கற மாதிரி, போன் அடிச்சாலே வயித்துல ஒரு புரட்டல். காருக்கு போயி இப்படியான்னு நீங்க கேக்கலாம். பொண்டாட்டியும் கேட்டா.

ஹெட்டு தேறிடுச்சு. நாலாவது கிட்ட கொஞ்சம் எறங்கி இருந்துச்சு, ஆனா ஓட்டலாம்னு சொன்னாங்க. அரைச்சு எடுத்த அளவ ஈடு கட்ட 0.3 மில்லிமீட்டர் கூடுதல் தடிமன்ல வர்ற கேஸ்கட், ஹெட் போல்ட்டு எல்லாம் புதுசு (அது இறுக்குறப்பவே இழுபட்டு நீளற மாதிரி செஞ்ச போல்ட்டு, ஒரு தடவ தான், பழச திரும்ப போட்டா புடிப்பு இருக்காது). பிளாக்குல ரெண்டு எடத்துல மரை உருவிட்டு வந்திருந்துச்சு, சூட்டுல அதுவும் இளகி இருக்கும் போல, அங்க ஸ்டீல் மரை வெச்சாரு. வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், எல்லா பிளாஸ்டிக் மூட்டும் புதுசு, பம்ப் தண்ணி இல்லாம ஓடி இருக்கு, அத நம்பி திரும்ப மாட்ட முடியாதுன்னுட்டாரு. ரிங்கு மட்டும் கை வெக்கல. "அத மாத்தணும்னா இன்ஜின கீழ எறக்கணும். ஓட்டி பாரு, ஆயில் குடிச்சா அப்ப பேசிக்கலாம்." ஏழு வாரம், ரெண்டே முக்கால் லட்சம்.

கூலன்ட் ஊத்துனதும் இன்ஜின ஸ்டார்ட் பண்ணாமலே பம்ப மட்டும் ஓட விட்டாரு, உள்ள இருக்கற காத்து வெளிய வர. அந்த எலக்ட்ரிக் பம்புல அது ஒரு வசதி. அப்புறம் என்னய சீட்ல உக்கார சொன்னாரு. ஸ்டார்ட் ஆச்சு, பின்னாடி வெள்ளையா புகை கொட்டுது. எனக்கு உயிரே போச்சு. "சைலன்ஸர்ல நின்ன தண்ணி, போவட்டும்"னு அவரு பாட்டுக்கு டீ குடிச்சாரு. பத்து நிமிஷத்துல நின்னுடுச்சு.

ஆகஸ்ட்ல ஒரு காலைல ஏலகிரி ஏத்துனேன். பதினாலு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் புலவருங்க, வள்ளலுங்க பேரு, நான் ஒரு புலவரயும் பாக்கல, முள்ளயே பாத்துகினு போனேன். மேல போயி நிறுத்திட்டு இறங்கி வண்டிக்கு அடில குனிஞ்சு பாத்தேன், காய்ஞ்ச தரை. பக்கத்துல ஃபோட்டோ எடுத்துகினு இருந்த காலேஜ் பசங்க ஏதோ தொலச்சிட்டேன்னு நெனச்சு "இன்னாண்ணா தேடறீங்க"ன்னு கூட குனிஞ்சானுங்க.

ஆயில் குடிக்குது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் கிட்ட, முன்னாடி சொட்டு கூட குடிச்சதில்ல. டிக்கில ஒரு லிட்டர் டப்பா எப்பவும் இருக்கும், பக்கத்துல ஒரு சின்ன நோட்டு, ஊத்துன தேதி, அளவு, கிலோமீட்டர். அதுவே கூடாம இருந்தா இன்னும் பல வருஷம் ஓட்டலாம்னு பாய் சொல்றாரு. போன மாசம் நோட்ட அப்பா எடுத்து பொரட்டி பாத்துகினு இருந்தாரு. பாய்லர் கம்பெனில இருந்தவராச்சே, லாக் புக்குனா ஒரு பிரியம். முதல் பக்கத்துல நான் 52,316ன்னும் 52,323ன்னும் எழுதி கோடு போட்டு வெச்சிருந்தேன். "இது இன்னாடா, நடுவுல ஆயிலே ஊத்தல"ன்னாரு.

சொன்னேன். உடனே நிறுத்தலன்னு. அவரு நோட்ட மூடி டிக்கிலயே வெச்சிட்டு, "உங்கம்மாவுக்கும் அவளுக்கும் தெரியுமா"ன்னு மட்டும் கேட்டாரு.